விழுந்தவர்களுக்கு விசுவாசமே இருந்ததில்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 4 பிப்ரவரி 2023

உபத்திரவ காலத்தில் கிறிஸ்துவை மறுதலித்தவர்களைப் பற்றி நாம் ஏன் இவ்வளவு இரக்கத்தோடு பேசுகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை. விதைக்கிறவன் உவமையில் பாறை நிலத்தில் விழுந்த விதை யாரைக் குறிக்கிறது என்பது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது: தனக்குள்ளே வேரில்லாதவன், உபத்திரவம் உண்டானவுடனே இடறலடைகிறவன். நெருப்பு பொன்னையும் கசடையும் பிரிப்பதுபோல, உபத்திரவம் உண்மை விசுவாசியையும் போலி விசுவாசியையும் பிரித்துவிடுகிறது. நின்றவர்களுக்கு விசுவாசம் இருந்தது. விழுந்தவர்களுக்கு அது தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. இதற்கு மாறான சான்று வரலாற்றில் இருக்கிறதா?

5 பிப்ரவரி 2023

இருக்கிறது. முதலில் ஒரு பெண்ணைச் சொல்கிறேன்.

177ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்துக் கிறிஸ்தவர்கள் பிடிக்கப்பட்டபோது நடந்தவற்றை, உயிர் பிழைத்தவர்கள் ஆசியாவிலும் பிரிகியாவிலும் இருந்த சபைகளுக்கு ஒரு கடிதமாக எழுதினார்கள். யூசேபியஸ் தம்முடைய திருச்சபை வரலாற்றில் அதன் பெரும்பகுதியைச் சேர்த்துவைத்ததால் அது இன்றுவரை கிடைக்கிறது. பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணை விடியற்காலை முதல் மாலைவரை முறைபோட்டு வதைத்தவர்கள் தாங்களே களைத்து ஓய்ந்ததை அந்தக் கடிதத்திலிருந்துதான் அறிகிறோம். அதே கடிதத்தில் பிப்லிஸ் என்ற இன்னொரு பெண்ணும் வருகிறாள். அவள் ஏற்கெனவே மறுதலித்துவிட்டவள். கிறிஸ்தவர்கள் குழந்தைகளைத் தின்கிறார்கள் என்று அவள் வாயாலேயே சொல்லவைப்பதற்காக அவளை மறுபடியும் வதைக்கக் கொண்டுவந்தார்கள். வதையின் நடுவே, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்தவளைப் போல, விலங்கின் இரத்தத்தைக்கூட உண்ணக் கூடாதவர்கள் குழந்தைகளை எப்படித் தின்பார்கள் என்று அவள் எதிர்த்துக் கேட்டாள். பின்னர் தன்னைக் கிறிஸ்தவள் என்று அறிக்கையிட்டு இரத்தசாட்சிகளோடு சேர்க்கப்பட்டாள்.

முதல் விசாரணையோடு அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், உங்கள் கருத்தின்படி அவளுக்கு விசுவாசமே இருந்ததில்லை என்று நாம் முடிவு கட்டியிருப்போம். அந்தச் சபை அப்படி முடிவு கட்டவில்லை. மறுதலித்த பத்துப் பேரளவானவர்களை அது செத்துப்பிறந்த பிள்ளைகளாகக் கண்டு அழுதது; அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் விசாரணையில் அறிக்கையிட்டபோது, உயிரற்றுப் பிறந்த பிள்ளைகளைத் தாய் உயிரோடு திரும்பப் பெற்றுக்கொண்டாள் என்று எழுதியது. கடைசிவரை திரும்பாதவர்களைப் பற்றி மட்டுமே, அவர்களிடம் விசுவாசத்தின் சுவடே இருந்ததில்லை என்று அது எழுதியது; விழுந்த எல்லோரையும் அப்படிச் சொல்லவில்லை.

அதே நாள், இரவு

பேதுருவைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறவர் அவர்தான் என்பதால் தள்ளிவைத்தேன். ஒன்றை மட்டும் சொல்லலாம்: அவரிடம் கேள்வி கேட்டவர்கள் அதிகாரிகள் அல்லர், ஒரு வேலைக்காரியும், குளிர் காய்ந்துகொண்டிருந்த சிலருமே. கெத்செமனேயில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தின் முன் வாளை உருவியவர், சில மணி நேரத்தில் ஒரு வேலைக்காரியின் முன் உடைந்துபோனார். எந்த இடத்தில் உடைவோம் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிவதில்லை.

8 பிப்ரவரி 2023

நின்றவர்கள், விழுந்தவர்கள் என்று இரண்டே வகை இருந்ததாக எண்ணுவதற்குப் பெருந்தடையாக நிற்பது ரோமப் பேரரசர் டேசியஸின் காலம். 249ஆம் ஆண்டின் இறுதியிலோ 250இன் தொடக்கத்திலோ, பேரரசில் உள்ள அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகள் முன்னிலையில் பலியுணவைச் சுவைத்து, அதற்குச் சான்றிதழ் பெற வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. முதலாவது 1893இல் வெளியிடப்பட்டது. அதில் அவுரேலியுஸ் தியோகெனஸ் என்ற 72 வயது முதியவர், வலப் புருவத்தில் தழும்புள்ளவர் என்ற அடையாளத்தோடு, தாம் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும் இப்போதும் கட்டளைப்படி பலியிட்டதாகவும் எழுதிக் கொடுத்துக் கையொப்பம் கேட்கிறார். தம்முடைய சபையின் திருவிருந்திலிருந்து எழுந்து வந்து அந்தத் தாளை நீட்டிய எத்தனையோ முதியவர்களை அவருடைய தழும்பில் நான் காண்கிறேன்.

கார்த்தேஜ் நகரின் ஆயரான சிப்ரியான் அந்நாள்களைப் பற்றி எழுதியதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. யாரும் பிடிக்க வருவதற்கு முன்பே மக்கள் தாங்களாக ஓடிப் பலியிட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே முடித்துக்கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசகர் சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் அதே சிப்ரியானின் கடிதத் தொகுப்பில் வேறு முகங்களும் தெரிகின்றன. பலியிட்டவர்கள் ஒரு வகை. சாம்பிராணி மட்டும் போட்டவர்கள் இன்னொரு வகை. பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் மூன்றாம் வகை. மூன்றாம் வகையினர் சொன்ன நியாயத்தையும் அவர் பதிவு செய்கிறார்: பலியிடக் கூடாது என்று ஆயர் போதித்ததைக் கேட்டிருந்தேன், ஆகவே அதிகாரியிடம் போய், நான் கிறிஸ்தவன், பலிபீடத்துக்கு வர முடியாது, வராமலிருக்கப் பணம் தருகிறேன் என்றேன். மனைவி மக்களையும் வீட்டார் அனைவரையும் கட்டாயப்படுத்திப் பலிபீடத்துக்கு இழுத்துச் சென்றவனையும், வீட்டார் அனைவருக்கும் பதிலாகத் தான் ஒருவனே போய்ப் பலியிட்டு அவர்களையும் தன் வீட்டில் அடைக்கலம் புகுந்த சகோதரர்களையும் காப்பாற்றியவனையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்கிறார்.

போனா என்ற பெண்ணைக் கணவனே இழுத்துச் சென்றான். அவள் கைகளை மற்றவர்கள் பிடித்துக்கொண்டு அவற்றைக் கொண்டே பலியிட்டார்கள். ‘நான் செய்யவில்லை, நீங்கள் செய்தீர்கள்’ என்று அவள் கத்தினாள், அதற்காக நாடுகடத்தப்பட்டாள். 

9 பிப்ரவரி 2023

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். தியோகெனஸ் கிறிஸ்தவர் என்று எண்ணும்படியாக எழுதிவிட்டேன். அந்தத் தாளில் அதற்கு ஆதாரம் இல்லை. கட்டளை எல்லோருக்கும் பொதுவானது. முதலைத் தெய்வமான பெத்தெசூகோஸின் பூசாரியான ஒரு பெண்கூடத் தான் பலியிட்டதற்குச் சான்றிதழ் பெற்றிருக்கிறாள். என் மனத்தில் இருந்த முதியவரின் முகத்தை ஒரு தாளின்மேல் ஏற்றிவிட்டேன். இரக்கம் மிகும்போது இப்படியும் தவறு நேரும் என்பதால், அந்த வரியை நீக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

14 பிப்ரவரி 2023

தப்பி ஓடியவர்களைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். மத்தேயு பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ‘ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறுபட்டணத்திற்கு ஓடிப்போங்கள்’ என்பது இருபத்துமூன்றாம் வசனம். மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்பது முப்பத்துமூன்றாம் வசனம். பத்து வசன இடைவெளியில் இரண்டும் இருக்கின்றன. சபை இரண்டையும் சேர்த்தே வாழ வேண்டியிருந்தது.

கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளரான தெர்த்துல்லியன் முதலில் ஓடுவதை அனுமதித்தார். பிற்காலத்தில் அதற்கென்றே தனி நூல் எழுதி, ஓடவும் கூடாது, பணம் கொடுத்துத் தப்பவும் கூடாது என்றார். அலெக்சாந்திரியாவின் கிளமெந்து 202ஆம் ஆண்டையொட்டி அந்த நகரத்தை விட்டே போய்விட்டார். சிப்ரியான் 250இல் மறைந்து வாழ்ந்து கடிதங்கள் வழியாகச் சபையை நடத்தினார். ரோம் சபையின் குருக்கள், ஓநாய் வரும்போது ஆடுகளை விட்டு ஓடும் கூலியாளைப் பற்றிய வசனத்தை நினைவூட்டிக் கார்த்தேஜுக்கு எழுதிய கடிதம் அவர் கைக்கே வந்து சேர்ந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 258 செப்டம்பர் 14 அன்று, அதே சிப்ரியான் தலைவெட்டப்பட்டு இறந்தார். தம்மை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டார். 250இல் அவரைக் கோழை என்றவர்களும் 258இல் இரத்தசாட்சி என்றவர்களும் ஒரே மனிதரைத்தான் கண்டார்கள்.

ஆகவே ஓடுவதைத் தோல்வியாக நான் கருதவில்லை. சபையை அழியாமல் காத்த மூன்றாம் வழி அது.

15 பிப்ரவரி 2023

நேற்றைய கடைசி வரி எனக்கே உறுத்துகிறது. ஓடுவதற்குப் போக்கிடம் வேண்டும், கையில் பொருள் வேண்டும், நம்பிக்கையானவர்கள் வேண்டும். சிப்ரியானுக்கு அவை இருந்தன. இன்னொருவரின் உடைமையாக இருந்த பிளாந்தினா எங்கே ஓடியிருக்க முடியும்? எனவே ஓடியவர், நின்றவர், விழுந்தவர் என்ற வேறுபாட்டை முழுவதும் உள்ளத்தின் வேறுபாடாகவே படிப்பதில் ஒரு பிழை இருக்கிறது.

இதற்கு நேர் எதிரானதும் உண்மை. சொத்து பலரை ஓடவிடாமல் கட்டிப்போட்டது என்பதே சிப்ரியானின் குற்றச்சாட்டு. வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போக மனமில்லாதவர்கள் ஊரிலேயே தங்கினார்கள், தங்கியதால் பலியிட்டார்கள் என்கிறார். இது தம்மைப் போன்ற செல்வந்தர்களைப் பற்றி அவர் சொன்னது என்பதால் நான் நம்புகிறேன்.

19 பிப்ரவரி 2023

இதை எழுதுவதா வேண்டாமா என்று சில நாள்கள் யோசித்தேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, புதிதாக வேலையில் சேர்ந்த இடத்தில், மேலதிகாரி ஒருவர் பலர் முன்னிலையில் கிறிஸ்தவர்களைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பி, “நீங்களும் அந்தக் கூட்டமா?” என்று கேட்டார். “வீட்டில் பெரியவர்கள் போவார்கள்” என்று பதில் சொன்னேன். அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று விடியற்காலையில்கூட நான் முழந்தாளிட்டு ஜெபித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எனக்கு அடுத்ததாக அதே கேள்வி கேட்கப்பட்டவர், ஜெபக்கூட்டங்களுக்கு அரிதாகவே வருகிறவர். அவர் “ஆம், நானும்தான்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அந்த ஞாயிறு திருவிருந்துக்கு என்னால் எழுந்து போக முடியவில்லை. அடுத்த ஞாயிறும் முடியவில்லை.

என்னை யாரும் அடிக்கவில்லை, சிறையில் போடவில்லை, வேலையும் போகவில்லை. இதை உபத்திரவம் என்று சொன்னால் உண்மையாகவே துன்பப்பட்டவர்களை அவமதித்தவனாவேன். இதை எழுதுவதற்கு ஒரே காரணம்தான். அந்த நொடியில் எனக்கு விசுவாசம் இருந்தது. அது இருந்ததால்தான் வெட்கம் வந்தது. விழுந்தவனுக்குத் தொடக்கத்திலிருந்தே ஒன்றுமில்லை என்று வாசகர் எழுதியதைப் படித்தபோது, அது என் அனுபவத்தோடு பொருந்தவில்லை.

20 பிப்ரவரி 2023

ஒருவருடைய வெட்கத்தை விசுவாசத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது, அது மதிப்பிழப்பினால் வந்த வருத்தமாகவும் இருக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. நியாயமான பதில். என் வெட்கத்தில் இரண்டும் கலந்திருந்தன என்றே நினைக்கிறேன். ஆனால் கலந்திருந்தது என்பதே என் வாதத்துக்குப் போதும். நெருப்பில் பிரிகிற பொன்னும் கசடும் போல மனிதர்கள் இரண்டாகப் பிரிவதில்லை. ஒரே ஆளுக்குள் இரண்டும் பின்னிக்கிடக்கின்றன.

26 பிப்ரவரி 2023

ஒரே ஆளுக்குள் என்று எழுதியதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் துல்லியமான சான்று, வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரத்தில் 303 மே 19 அன்று எழுதப்பட்ட அரசாங்கப் பதிவு. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் காலத்து முதல் கட்டளை, சபைக் கட்டடங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் சொன்னது. நகர அதிகாரி கிறிஸ்தவர்கள் கூடும் வீட்டுக்குப் போகிறார். ஆயர் பவுல் அமர்ந்திருக்கிறார். எடுத்துக் கொடுப்பவை ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன. இரண்டு பொன் கிண்ணங்கள், ஆறு வெள்ளிக் கிண்ணங்கள், பெண்களுக்கான 82 மேலங்கிகள், ஆண்களுக்கான 16 மேலங்கிகள், ஆண்களின் காலணி 13 சோடி, பெண்களின் காலணி 47 சோடி. ஏழைகளுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்து வைத்த உடைகளாகவே அவை எனக்குத் தோன்றுகின்றன. அந்தப் பட்டியலை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடிந்ததில்லை.

பிறகு நூல்கள். கத்துலீனுஸ், மார்குக்லியுஸ் என்ற இரண்டு துணைத் திருத்தொண்டர்கள் மிகப் பெரிய ஒரு நூலைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒன்றுதானா, மற்றவை எங்கே என்று அதிகாரி கேட்கிறார். மற்றவை வாசகர்களிடம், அதாவது சபையில் வேதம் வாசிக்கிறவர்களிடம் இருக்கின்றன என்கிறார்கள். அவர்களுடைய வீடுகள் தெரியாது என்றவர்களிடம், பெயர்களையாவது சொல்லுங்கள் என்றதும், ‘நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் அல்லர், இதோ இருக்கிறோம், எங்களைக் கொல்லக் கட்டளையிடுங்கள்’ என்கிறார்கள். சற்று முன் வேதநூலை எடுத்து நீட்டிய அதே கைகள். நூலைக் கொடுத்தார்கள், ஆட்களைக் கொடுக்க மறுத்தார்கள், அதுவும் உயிரைப் பணயம் வைத்து. இவர்கள் நின்றவர்களா, விழுந்தவர்களா?

வீடுகளை வேறு இருவர் காட்டினார்கள். வாசகர்களும் தங்களிடம் இருந்தவற்றைக் கொடுத்தார்கள்.

1 மார்ச் 2023

வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன சபையின் தலைவரான தொனாத்துஸைப் பின்பற்றியவர்கள் சரியாகத்தானே சொன்னார்கள் என்று வாசகர் கேட்டிருக்கிறார். சுருக்கமாக: நூல்களை ஒப்படைத்த ஆயர்கள் செய்துவைத்த திருநிலைப்பாடு, அதாவது குருப்பட்டம், செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் பெரும்பகுதியினர் பிரிந்துபோனார்கள். 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், ஒப்படைத்ததாக அரசுப் பதிவுகளால் மெய்ப்பிக்கப்பட்ட குருக்களைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. ஆனால் அவர்கள் கையால் நிறைவேறிய திருநிலைப்பாடு செல்லும் என்றது. கொடுக்கிறவருடைய தைரியத்தில் அருள் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்ற அந்த முடிவை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அதே வேளையில், எரிந்துபோன நூல்களுக்காக உறவினரை இழந்தவர்கள், நூலைக் கொடுத்துவிட்டுப் பிழைத்த ஆயரின் கையிலிருந்து அப்பத்தை வாங்க மறுத்ததில் உள்ள வேதனை எனக்குப் புரிகிறது. அவர்கள் இரக்கமற்றவர்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

7 மார்ச் 2023

நான் விழுந்தவர்களைப் பற்றியே எழுதி, நின்றவர்களைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று ஒருவர் வருந்தியிருக்கிறார். அப்படிப் பட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். 203 மார்ச் 7 அன்று, இதே நாளில், கார்த்தேஜில் பெர்பேத்துவா இறந்தாள். வயது இருபத்திரண்டளவு, கையில் பால்குடிக் குழந்தை. அவளுடைய தந்தை கிறிஸ்தவர் அல்லர். அவர் சிறைக்கு வந்து, மகளின் கைகளை முத்தமிட்டு, காலில் விழுந்து, தன் நரைத்த தலைக்காக இரக்கம் காட்டும்படி அழுததை அவளே எழுதிவைத்திருக்கிறாள். அவளுடைய உறுதியைவிட, அந்த முதியவருக்காக அவள் துக்கப்பட்டதை மறைக்காமல் எழுதியதே என்னை ஆழமாகத் தொடுகிறது. கல் நெஞ்சம் இருந்ததால் அவள் நிற்கவில்லை. பெலிசித்தா என்ற அடிமைப் பெண் சிறையிலேயே பிள்ளை பெற்று, அதை வளர்க்க ஒரு சகோதரியிடம் கொடுத்துவிட்டு, பெர்பேத்துவாவோடு அரங்கத்துக்குப் போனாள்.

8 மார்ச் 2023

இதையும் சேர்க்க வேண்டும். சிமிர்னாவின் ஆயரான போலிகார்ப்பு இரத்தசாட்சியாக இறந்ததைச் சொல்லும் கடிதத்தில் குவிந்துஸ் என்பவன் தானாக முன்வந்து, மற்றவர்களையும் தூண்டிக் கூட்டிவந்து, மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப் பலியிட்டுவிட்டான்; ஆகவே தாங்களாக ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் புகழ்வதில்லை என்று சிமிர்னா சபை எழுதியது. இதிலிருந்து, துடிப்பாக முன்வருகிறவர்கள்தான் முதலில் விழுவார்கள் என்று நான் பலமுறை பேசியிருக்கிறேன். அது தவறு. 304இல் கத்தானியாவில் யூப்லுஸ் என்பவர் சுவிசேஷ நூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஆளுநரின் அறைவாசலில் நின்று, நான் கிறிஸ்தவன் என்று தாமாகவே கூவினார். வதைக்கப்பட்டும் கடைசிவரை மாறாமல் இறந்தார். இந்தக் குணமுள்ளவர் நிற்பார், அந்தக் குணமுள்ளவர் விழுவார் என்று விதி வகுக்க எனக்கு இப்போது துணிவில்லை.

16 மார்ச் 2023

ஜப்பானிலிருந்து நான்கு சிறுவர்களின் கதை. 1582இல் கியூஷு தீவின் கிறிஸ்தவப் பிரபுக்கள் சார்பாக இத்தோ மன்சியோ, சிஜிவா மிகெல், நகவுரா ஜூலியான், ஹரா மர்த்தினோ ஆகிய நால்வர் கப்பலேறினார்கள். ரோமில் திருத்தந்தையைக் கண்டு, 1590இல் திரும்பினார்கள். நால்வரும் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தார்கள். ஒரே பயணம், ஒரே கல்வி, ஒரே சபை. மன்சியோ 1612இல் நாகசாகியில் நோயுற்று இறந்தார். 1614இல் கிறிஸ்தவத்துக்குத் தடையாணை வந்தபோது மர்த்தினோ மக்காவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கேயே 1629இல் இறந்தார். ஜூலியான் நாட்டிலேயே மறைந்திருந்து இருபது ஆண்டளவு சபையைப் பேணி, பிடிபட்டு, 1633 அக்டோபரில் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு, மூன்று நாள் தாங்கி இறந்தார். மிகெல் அதற்கெல்லாம் முன்பே இயேசு சபையை விட்டு விலகி, கிறிஸ்தவத்தையும் விட்டுவிட்டார்.

ஜூலியானோடு அதே குழிவதைக்கு உட்பட்டவர்களில் போர்த்துக்கீசியரான கிறிஸ்தோவாவ் ஃபெரேராவும் ஒருவர். அங்கிருந்த இயேசு சபையினருக்குத் தலைவராக இருந்தவர். சில மணி நேரத்தில் அவர் மறுதலித்தார். பின்னாளில் கிறிஸ்தவத்துக்கு எதிரான ஒரு நூல் அவர் பெயரில் வந்தது. பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரிப்பதில் அரசுக்கு உதவினார். இவரைப் பற்றி எழுதும்போது என் இரக்கம் தயங்குகிறது. தன் வலியில் உடைவது ஒன்று. அதன்பின் மற்றவர்களை உடைக்கத் துணைபோவது வேறொன்று. பலியிட்ட குடும்பத் தலைவர்களைப் பற்றிச் சிப்ரியான் காட்டிய வேறுபாடும் இதுதான்.

17 மார்ச் 2023

மிகெலைப் பற்றி ஒரு சேர்க்கை. அவருடையது என்று கருதப்படும் கல்லறையை இசஹயாவில் தோண்டியபோது, 2017இல் கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஜெபமாலை மணிகள் என்று சிலர் சொல்கிறார்கள். ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஒருவருடைய உள்ளத்தைத் தேடி மண்ணைச் சலித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்றைய தேதிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா ஆலயத்துக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண், குருவான பெத்திஜானிடம், எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லிவிட்டு, சாந்தா மரியாவின் சிலை எங்கே என்று கேட்டார். குருக்கள் இல்லாமல் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் விசுவாசத்தைக் காத்திருந்தார்கள். இங்கே வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுடைய முன்னோர் கிறிஸ்துவின், மரியாவின் உருவத் தகட்டை மிதித்துக் காட்டியவர்கள். புத்த கோவிலில் பெயர் பதிந்துகொண்டவர்கள். மிதித்துவிட்டு வீடு திரும்பி, மனவருத்த ஜெபத்தைச் சொன்னார்கள். ‘கொன்சிரிசான்’ என்று போர்த்துக்கீசியச் சொல்லையே அதற்குப் பெயராக வைத்திருந்தார்கள். உங்கள் கேள்வியின்படி அந்தத் தலைமுறைகள் அனைத்தும் விழுந்தவர்களின் தலைமுறைகள். அவர்களிடமிருந்துதான் அந்தப் பெண் வந்தார்.

வெளிப்பட்ட பிறகு அவர்களுக்கு நடந்ததும் எளிதல்ல. 1868 முதல் உரகாமியிலிருந்து சுமார் 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். 1873இல்தான் திரும்ப முடிந்தது. மறைத்துக் காத்தவர்களின் பிள்ளைகள், மறைக்க மறுத்துத் துன்பப்பட்டார்கள்.

21 மார்ச் 2023

கிறிஸ்தவர்களைக் கிறிஸ்தவர்களே துன்புறுத்தியதைப் பேசாமல் விடக் கூடாது. 1556இல் இதே நாளில், கேன்டர்பரி பேராயராக இருந்த புரோட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி தாமஸ் கிரான்மர் ஆக்ஸ்போர்டில் எரிக்கப்பட்டார். உயிருக்காகத் தம் போதனைகளை மறுத்துப் பலமுறை கையொப்பமிட்டிருந்தார். கடைசி நாளில் அந்த மறுப்புகளையே மறுத்து, கையொப்பமிட்ட வலக்கையை முதலில் தீயில் நீட்டினார். அதே கிரான்மர், 1550இல் ஜோன் பூச்சர் என்ற பெண் எரிக்கப்பட்டபோது எரித்தவர்களின் பக்கத்தில் இருந்தார். பிரான்சில் மரி துரான் என்ற புரோட்டஸ்டண்ட் பெண் 1730 முதல் 38 ஆண்டுகள் ஏக்மோர்த் நகரத்துக் கோபுரத்தில் அடைபட்டிருந்தார். தம் விசுவாசத்தைக் கைவிடுகிறேன் என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

9 ஏப்ரல் 2023

இன்று உயிர்த்தெழுதல் ஞாயிறு. வாசகர் நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறார்: இவ்வளவையும் ஏற்றுக்கொண்டாலும், நின்றவர்கள் விழுந்தவர்களை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் முக்கியம், அவர்கள் இரக்கம் காட்டினால் நானும் காட்டுவேன் என்கிறார். நல்ல கேள்வி. ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

செலெரீனுஸ் என்ற இளைஞருடைய பாட்டி செலெரீனா ஓர் இரத்தசாட்சி. லவுரெந்தீனுஸ், எக்னாத்தியுஸ் என்ற நெருங்கிய உறவினர் இருவரும் இரத்தசாட்சிகள். டேசியஸின் காலத்தில் ரோமில் செலெரீனுஸ் பிடிபட்டு, பத்தொன்பது நாள் தொழுமரத்திலும் சங்கிலியிலும் கிடந்து, மாறாமல் நின்றார். அவருடைய சகோதரி அதே காலத்தில் பலியிட்டாள். இன்னொரு பெண் பலியிடாமல் தப்பப் பணம் கொடுத்து, பலியிடும் இடத்துக்குப் பாதி வழி ஏறித் திரும்பிவிட்டாள். ஒரே பாட்டியின் கதையைக் கேட்டு வளர்ந்த வீடு.

செலெரீனுஸ் கார்த்தேஜில் சிறையிலிருந்த லூசியானுஸ் என்ற நண்பருக்கு இந்தப் பெண்களுக்காக ஒரு கடிதம் எழுதினார். சிப்ரியானின் தொகுப்பில் அது இருக்கிறது. விசுவாசத்துக்காக நாடுகடத்தப்பட்டுக் கார்த்தேஜிலிருந்து வந்த அறுபத்தைந்து பேரை இந்தப் பெண்கள் துறைமுகத்துக்கே போய் எதிர்கொண்டார்கள், அவர்கள் அனைவரையும் இன்றுவரை பேணி வருகிறார்கள் என்று அவர் சொல்கிறார். விழுந்தவர்கள், நின்றவர்களுக்குச் சோறிட்டுக்கொண்டிருந்தார்கள். லூசியானுஸ் உடனே மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். அதுவும் இவர்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்கும். அப்படி ஆராயாமல் அள்ளிக் கொடுப்பது சபையைக் குலைக்கும் என்று சிப்ரியான் கடிந்துகொண்டார். 251இல் கூடிய சங்கம், சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக ஆராய்ந்து ஏற்கவும், பலியிட்டவர்கள் மனந்திரும்புதலில் நிலைத்திருந்தால் சாகும் தறுவாயில் ஏற்கவும் முடிவு செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அடுத்த உபத்திரவம் நெருங்கும் அறிகுறிகள் தெரிந்தபோது, மனந்திரும்புதலில் இருந்த அனைவருக்கும் திருவிருந்தைத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தை அவர்களுக்கு மறுத்துவிட்டு, கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்துங்கள் என்று எப்படிக் கேட்பது என்பதே அவர்கள் சொன்ன காரணம். சிப்ரியானின் நியாயத்தையும் லூசியானுஸின் அவசரத்தையும் நான் பலமுறை எடைபோட்டிருக்கிறேன். முதலாவதே சரி என்று தோன்றும் நாள்கள் அதிகம்.

ஆனால் நீங்கள் கேட்டது நின்றவரின் பார்வையை. செலெரீனுஸ் தம் கடிதத்தில் சொல்கிறார்: சகோதரி செய்ததற்காக, உயிர்த்தெழுதல் திருவிழாவின் மகிழ்ச்சி நடுவே, சாக்கு உடுத்திச் சாம்பலில் அமர்ந்து, இரவும் பகலும் நான் அழுதுகொண்டிருந்தேன்.